பின் வீட்டு உபவேந்தர்

விருது வாங்க வேண்டியவர் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டால், விருதுதான் அவரைத் தேடிப் போக வேண்டும். கண்ணாடியில் செய்த அந்தக் கனமான சாமானைத் துண்டில் சுற்றி, மடியில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு, நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் கல்முனைக்குப் போனவள் நான். போன இடத்தில் எனக்கு எதுவுமே புரியவில்லை. புரிந்தது என்று நினைத்ததெல்லாம் தப்பாகப் புரிந்தது.

டாக்டர் ரஹீமாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மருத்துவர், பேராசிரியர், பிறகு ஒரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அவர்கள் ஊரில் உபவேந்தர் என்பார்கள். திசை தவறிய படகோடு காய்ச்சலும் கரை மாறும், இரண்டு அரசாங்கமும் ஒன்றுக்கொன்று எழுதிக்கொண்டு முடிப்பதற்குள் அது நாலு வீட்டுக்குப் போய்விடும் என்று கண்டு, இரு கரை மருத்துவர்களும் நேரடியாகப் போனில் பேசிக்கொள்ளும் ஒரு குழுவைத் தொடங்கியவர். கரைக் குழு என்று பெயர். திங்கட்கிழமை காலையில் எல்லா ஊர் ஆஸ்பத்திரிகளும் அழைப்பில் வரும். அதற்குத்தான் இந்த விருது. கடல் தாண்டி எங்கோ ஒரு நகரத்தில் விழா வைத்தார்கள். "அவ்வளவு தூரம் ஏலாது, ஊருக்குக் கொண்டாங்க, சோறு தாறன்" என்று சொல்லிவிட்டார் அம்மையார்.

நான் மருத்துவராக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் இயக்குநர் என்னை வழியனுப்பும்போது விருதைப் பற்றிப் பேசவே இல்லை. "அந்தம்மா தலைவர் பொறுப்பை விடப் போறதா கேள்விப்பட்டேன். இன்னும் கொஞ்ச காலம் இருக்கச் சொல்லி சம்மதம் வாங்கிட்டு வாங்க மாலதி. அவங்க இல்லேன்னா நம்ம பக்கம் மூடிடலாம். யாரை நம்பி நடத்துறது?" என்றார். எங்கள் தெருவில் மீன் விற்கும் செல்வம் ஒரு தடவை இயந்திரம் பழுதாகி இலங்கைக் கரையில் ஒதுங்கி, நினைவில்லாமல் கிடந்தான். அவனுக்குச் சர்க்கரை உண்டு, எந்த மருந்து ஆகாது என்று கரைக் குழு வழி வந்த ஒரு போனில் சொன்னவள் நான். இப்போதும் அவன்தான் என் வீட்டு வாசலில் சங்கராவைக் கூவி விற்கிறான். இந்தக் குழுவை மூடுவதென்றால் எனக்குச் சம்மதமில்லை.

கடல் தாண்டி இறங்கி, சனிக்கிழமை கல்முனைக்குப் பிடித்த பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஒரு சிங்கள அம்மா. பஸ் ஓரிடத்தில் நின்றுவிட்டது. நடத்துநர் ஏதோ சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். நான் முழிப்பதைப் பார்த்து முன் இருக்கைக்காரர் மொழிபெயர்த்தார்: "பெல்ட் அறுந்து போச்சாம். கலியாணம் முடிக்காத ஆக்கள் இறங்கித் தள்ளட்டுமாம்." சிங்கள அம்மா என் மடியிலிருந்த மூட்டையைத் தொட்டுக் காட்டி ஏதோ கேட்டார். "குழந்தை தூங்குதா?" என்று கேட்கிறார் என்றார் முன் இருக்கைக்காரர். விளக்க முடியாமல் தலையாட்டி வைத்தேன். அதன் பிறகு அந்த அம்மா குரலைத் தாழ்த்தியே பேசினார். வேகவைத்த சோளம் ஒன்றை என் கையில் திணித்தார். இறங்கும்போது துண்டை விலக்கிக் காட்டினேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கல்முனையில் ஆட்டோ பிடித்தேன். அங்கே த்ரீவீல். டாக்டர் ரஹீமா வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன்.

"மெடத்துட வீடா? மெடத்துக்கு வீடில்லையே" என்றார் ஓட்டுநர்.

"என்னங்க சொல்றீங்க? துணைவேந்தரா இருந்தவங்க!"

"ஓம் ஓம், வீசி மெடம்தானே. அவட மகள்ட வீடு இரிக்கி. அதுக்குப் பின்னுக்குத்தான் அவ இரிக்கிற."

எனக்கு அப்போதே சுருக்கென்றது. பின்னால் என்றால் என்ன அர்த்தம்? வழியெல்லாம் துணிக்கடை, நகைக்கடை, பள்ளிவாசல், மறுபடி துணிக்கடை. ஒரு ஊர் எங்கே முடிந்து இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அவர் மட்டும் கல்முனை முடிஞ்சிது, இது கல்முனைக்குடி என்று எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சொல்லிக்கொண்டு வந்தார்.

வீடு பெரிய வீடு. மாடி, பளபளக்கும் தரை, இரும்பு கேட். மகள் ஷஃப்னா பள்ளிக்கூட ஆசிரியை. "வாங்க டொக்டர், இரிங்க, இரிங்க. உம்மா பின்னுக்கு இரிக்கா. முதல்ல தேத்தண்ணி குடிங்க" என்றாள். மருமகன் நிஸாம் வங்கி வேலை, மருதமுனைக்காரர், அதிகம் பேசாத மனிதர். தேநீர் முடிந்ததும் ஷஃப்னா என்னைப் பக்கவாட்டில் அழைத்துப் போனாள். குசினி என்று அவர்கள் சொல்லும் சமையலறையைத் தாண்டி, கிணற்றைத் தாண்டி, வளவின் கோடியில், தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீடு. அதன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பலாக்கொட்டைத் தோல் உரித்துக்கொண்டிருந்தார் முன்னாள் உபவேந்தர்.

"வாங்க மகள். மெலிஞ்சி போனீங்க" என்றார். திரையில் பார்த்த முகம்தான். நேரில் உயரம் குறைவு. விருதைப் பிரித்துக் காட்டினேன். அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல பாரம். கதவுக்கு முட்டுக் குடுக்கலாம்" என்று சொல்லி அரிசி வாளிக்குப் பக்கத்தில் வைத்தார். ஊரில் விழா மறுநாள், அதுவரைக்கும் அது அங்கேயே இருந்தது.

சாப்பாடு என்றால் அதுதான் சாப்பாடு. கணவாய்க் கறி, கீரைச் சுண்டல், மாசிச் சம்பல். பிறகு எருமைத் தயிர், சட்டியோடு வந்தது. நான் பழக்க தோஷத்தில் உப்பைத் தேட, ஷஃப்னா அதன் தலையில் பாணியை ஊற்றினாள். தயிரில் வெல்லப்பாகா என்று திகைத்தேன். இரண்டாவது தடவை நானே கேட்டு வாங்கினேன்.

வாய் இனித்துக் கிடக்கும்போதே விஷயத்தை எடுத்தேன். "மேடம், குழுத் தலைவர் பொறுப்பை நீங்க விடக்கூடாது. இன்னும் கொஞ்ச நாள்..."

"அது நான் குடுத்துட்டனே மகள்."

"யாருக்கு?"

"நாளைக்குச் சொல்லுவன். தயிர் போடுங்க."

அவ்வளவுதான். திருப்பித் திருப்பிக் கேட்டேன், திருப்பித் திருப்பித் தயிர்தான் வந்தது.

எனக்குள் ஒரு கதை தானாக ஓட ஆரம்பித்தது. முன் வீட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். கிழவியைத் தகரக் கொட்டகைக்குத் தள்ளிவிட்டார்கள். இப்போது பதவியையும் யாரோ பறித்துவிட்டார்கள், பாவம், சொல்ல வெட்கப்படுகிறார். என் சுபாவம் அப்படி. அரைகுறையாகத் தெரிந்தால் மீதியை நானே எழுதி முடித்துவிடுவேன்.

சாயங்காலம் ஷஃப்னாவும் நிஸாமும் என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். படகுகளை மணலில் ஏற்றி வைத்திருந்தார்கள். எங்கள் கடலின் மறுபாதிதானே என்று பார்த்தால், அலை வேறு மாதிரி அடிக்கிறது. நிஸாம் இஞ்சி போட்ட ப்ளேன்டீ வாங்கித் தந்தார். நல்ல டீ. அதைக் குடித்துக்கொண்டே என் வாய் சும்மா இருக்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்க. இவ்வளவு பெரிய வீட்டுல அவங்களுக்கு ஒரு அறை கூடவா இல்ல? உலகமே கூப்பிட்டு விருது கொடுக்குது. பெத்த பொண்ணு கொல்லைப்புறத்துல வச்சிருக்கீங்க."

நிஸாம் டம்ளரைக் கீழே வைத்தார். அவருடைய காது சிவந்துவிட்டது. ஷஃப்னா என்னையே பார்த்தாள். அவள் கண் நிறைந்தது.

"நான் உம்மாவ வெளியில போட்டண்டா நினைக்கிறீங்க?" என்றாள்.

நினைத்ததைத்தான் சொன்னேன். மீதி டீயை வைத்துவிட்டு மூன்று பேரும் திரும்பினோம். "மாமிட்டக் கேளுங்க" என்று மட்டும் நிஸாம் கேட்டைத் திறக்கும்போது சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாண் என்கிற ரொட்டியும் பருப்பும் வைத்துவிட்டு டாக்டர் எதிரில் உட்கார்ந்தார்.

"நேத்து என்ட மகள அழ வெச்சிங்களாம்."

பிட்ட பாணைத் தட்டிலேயே வைத்தேன். அவரோ சிரித்தார். பல் தெரியச் சிரித்தார்.

"எங்கட ஊர்ல பொம்புளப் புள்ளைக்குத்தான் வீடு. கலியாணம் முடிச்சா வீடு அவள்ட. உம்மா வாப்பா பின்னுக்குப் போற. என்ட உம்மா எனக்குத் தந்திட்டு இந்தப் பக்கம் வந்தா. நான் ஷஃப்னாக்குக் குடுத்திட்டு வந்தன். ஆம்புளப் புள்ள பொண்டாட்டிட வீட்டுக்குப் போற. நிஸாமும் அவர்ட ஊட்ட உட்டுட்டு வந்தவர்தானே? அதுக்குள்ள நீங்க அவரப் பேசி இரிக்கிங்க."

"ஆனா மேடம், அவ்வளவு அறை இருக்கே, உள்ளயே இருக்கலாமே?"

"நான் உள்ளுக்கு இரிந்தா வாற ஆக்கள் எல்லாம் என்னத்தான் கேப்பாங்க. அரிசி எவ்வளவு போடுற, கேற்ற எப்ப பூட்டுற. மறுகா அவள் எப்ப படிக்கிற? குடுத்தா குடுத்ததுதான் மகள். நான் எங்கயும் போகல்லயே. சத்தம் வெச்சா கேக்கிற தூரத்திலதான் இரிக்கன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து போய் ஷஃப்னாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "பரவால்ல டொக்டர், உங்கட ஊர்ல வேற மாதிரித்தானே" என்றாள். வேற மாதிரிதான். எங்கள் ஊரில் வீடு அண்ணனுக்கு. எனக்கு நகை போட்டு அனுப்பினார்கள். அம்மா இன்றும் அதே வீட்டின் நடு அறையில்தான் இருக்கிறாள். ஒரு வாய் காபிக்கு அண்ணியின் முகத்தைப் பார்க்கிறாள். நான் போனால் விருந்தாளி. எது கொல்லைப்புறம் என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

அந்தக் குழப்பத்தில் என் வேலை மறந்தே போனது. ஞாபகம் வந்து, "மேடம், அந்தப் பொறுப்பு..." என்று ஆரம்பித்தபோது, விழாவுக்கு அழைத்துப் போகக் கார் வந்துவிட்டது.

பள்ளிக்கூட மண்டபம். பொன்னாடைகள் வரிசை வரிசையாக வந்தன. எங்கள் ஊரைப் போலத்தான், பேச வந்தவர்கள் எல்லோரும் சுருக்கமாகச் சொல்கிறேன் என்று தொடங்கினார்கள். ஒருவர் உச்சக் குரலில் "இந்த மண்ணின்" என்று கையை உயர்த்திய நேரம் பாங்கு சொன்னார்கள். மண்டபமே அடங்கியது. பாங்கு முடிந்ததும் அவர் கையை அதே உயரத்துக்குக் கொண்டுபோய், "மகள்!" என்று விட்ட இடத்தில் தொடர்ந்தார். பெரியநீலாவணையிலிருந்து நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்த மீனவர் ஒருவர் பேசவில்லை. பெரிய அறுக்குளா மீன் ஒன்றைக் கடதாசியில் சுற்றி மேடையில் வைத்துவிட்டு இறங்கினார். எங்கள் ஊர் வஞ்சிரம்தான் அது. அதற்குத்தான் கைதட்டல் அதிகம். கண்ணாடி விருதை நான் கொடுத்தேன், அதற்குச் சுமாராகத் தட்டினார்கள்.

டாக்டர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இந்தக் கண்ணாடி பாரம். தூக்கி வந்த மகள்ட கை நொந்திருக்கும்." சிரிப்பு. "வீட்ட மகளுக்குக் குடுக்கிற ஆக்கள் நாங்க. கரைக் குழுவையும் நான் குடுத்துட்டன். இந்தா இரிக்கிற நாகப்பட்டணத்து மகளுக்கு."

நாகப்பட்டினத்திலிருந்து வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். பின் வரிசையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஷஃப்னா எழுந்து நின்று தட்டினாள். யாரோ என் தோளில் ஒரு பொன்னாடையைப் போட்டார்கள். சம்மதம் வாங்கப் போனவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

விருந்தில் சஹன் வைத்தார்கள். பெரிய தட்டம் நிறையச் சோறு, அதைச் சுற்றி நாங்கள் சில பெண்கள் உட்கார்ந்து ஒரே தட்டத்தில் சாப்பிட வேண்டும். தனித்தனி இலையில் வளர்ந்த எனக்கு எங்கே கை வைப்பது என்றே தெரியவில்லை. டாக்டர் தன் பக்கத்து இறைச்சியை எல்லாம் என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"மேடம், நான் சின்ன ஆள். வேற நாட்டுக்காரி. இந்தக் கரையிலயே பெரியவங்க எத்தனை பேர் இருக்காங்க!"

"இரிக்காங்க. இந்தக் கரையில ஒராளுக்குக் குடுத்தா உங்கட டைரக்டர் மூடிப் போடுவார். உங்களுக்குக் குடுத்தா எப்பிடி மூடுற?"

நான் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. இயக்குநர் மூடப் போகிறார் என்று நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

"உங்களுக்கு எப்படி..."

"எத்தின டைரக்டர்மார நான் பாத்தன். இந்தக் கரையில உள்ள ஆக்கள் மூடமாட்டாங்க. அவங்களுக்கு நான் பின்னுக்கு இரிக்கன். சாப்பிடுங்க மகள், இறைச்சி ஆறுது."

கோபம் வந்தது. கேட்காமல் தலையில் கட்டிவிட்டாரே என்று நிஜமாகவே கோபம். அந்தக் கோபத்துக்கு அடியில், சொல்லக் கூச்சமாக இருக்கிறது, சந்தோஷம். மகள் என்று இங்கே எல்லோரும் எல்லோரையும்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லி என்னிடம் யாரும் எதையும் ஒப்படைத்ததில்லை.

இயக்குநரைப் போனில் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அவங்களை இருக்கச் சொல்லத்தானே உங்களை அனுப்பினேன்?"

"ஆமா சார்."

"இப்போ நீங்களா தலைவர்?"

"அப்படித்தான் சொல்றாங்க சார். எனக்கும் சரியா புரியல."

"திங்கட்கிழமை அழைப்புல நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன். அங்க உள்ள டாக்டருங்க உங்க பேச்சைக் கேட்டாங்கன்னா சரி. இல்லேன்னா இதோட விட்டுடலாம்" என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை அழைப்பு பின் வீட்டில். சின்ன மேசை, போன், ஒரு நாற்காலி. அந்த நாற்காலியை எனக்கு விட்டுவிட்டு டாக்டர் குசினிக்குள் போனார். நேற்று வந்த அறுக்குளாவுக்குத் தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டார். சரக் சரக்கென்று சத்தம்.

"என்ன பேசணும் மேடம்?" என்று எட்டிப் பார்த்துக் கேட்டேன்.

"அவங்க கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார்.

ஒவ்வொரு ஊராக அழைப்பில் வந்தது. என் இயக்குநரும் எங்கோ அமைதியாக இருந்தார். தெற்குப் பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மருத்துவர்தான் முதலில் பேசினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மெடம்."

"வணக்கம். நான் மாலதி பேசறேன்."

"மெடம் இல்லையா? ஒரு அவசரம்."

நான் குசினியைப் பார்த்தேன். சரக் சரக். அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். கேட்கும் தூரம்தான். வரவில்லை.

"பின்னால இருக்காங்க. என்கிட்ட சொல்லுங்க."

"இல்ல, மெடத்துட்டயே கதைக்கன். கொஞ்சம் குடுங்க."

முடிந்தது என்று நினைத்தேன். அவர் தொடங்கிய குழு என் பெயரில் முடியப் போகிறது, அதையும் இயக்குநர் காதால் கேட்டுக்கொண்டிருக்கிறார். எழுந்து போய் டாக்டரைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம் என்று பாதி எழுந்தேன். அரிசி எவ்வளவு போடுவது, கேட்டை எப்போது பூட்டுவது என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

"டாக்டர், நோயாளி உங்க கரையா, எங்க கரையா?" என்று கேட்டேன்.

தயங்கினார். பிறகு சொன்னார். கல்முனைக்குடிக்காரர். படகு பழுதாகி எங்கள் பக்கம் ஒதுங்கி, கொஞ்ச காலம் அங்கே இருந்து, அண்மையில்தான் ஊர் திரும்பியவர். நடுக்கத்தோடு காய்ச்சல். இரத்தத்தில் மலேரியா. இந்த நாட்டில் ஒழித்துவிட்ட நோய் அது, ஒருவருக்கு வந்தாலே எல்லோரும் ஓட வேண்டும்.

"அவரோட படகுல வந்த மத்தவங்க?"

"வேற வேற ஊருக்குப் போயிட்டாங்க. ஒராள் விநாயகபுரம்."

"இன்னைக்கே அவங்க எல்லார் இரத்தத்தையும் எடுத்துடுங்க, காய்ச்சல் இல்லேன்னாலும். எங்க பக்கத்துல எங்க தங்கியிருந்தாங்கன்னு கேட்டீங்களா?"

கேட்டிருந்தார். அவர் சொன்ன இடம் எனக்குத் தெரியும். மீன்பிடித் துறைக்குப் பின்னால், தண்ணீர் தேங்கும் அந்தத் தெரு. செல்வம் வீட்டுக்கு அடுத்த தெரு. அங்கே எத்தனை பேர் காய்ச்சலில் படுத்திருக்கிறார்களோ, யாருக்கும் தெரியாது. இந்தப் போன் இல்லாவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது.

"சார்," என்றேன், இயக்குநர் இருக்கும் திசை எதுவென்று தெரியாமல் சுவரைப் பார்த்து, "அந்தத் தெருவுக்கு இப்பவே நம்ம ஆட்களை அனுப்புங்க. வீடு வீடா இரத்தம் எடுக்கணும்."

எல்லோரும் காத்திருந்தார்கள். "அனுப்பறேன் டாக்டர்" என்றார் அவர். என்னை டாக்டர் என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

தெற்குப் பக்கத்து மருத்துவர் தொண்டையைச் செருமினார். "அப்ப பின்னேரம் ரிசல்ட் வந்தா நான் உங்களுக்கா கோல் எடுக்கிற?"

குசினியில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

"ஓம்" என்றேன். "எனக்கு எடுங்க."

சரக் சரக்கென்று மறுபடியும் துருவ ஆரம்பித்தார்.